சூட்கேஸில் வந்த மேக்பெத்: செக் நடிகை விளாஸ்தா ஹ்ரமொஸ்தோவா பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1978ஆம் ஆண்டு கோடைக்காலத்தில் பிராக் நகரத்துக்காரர்களுக்கு விசித்திரமான ஒரு வசதி கிடைத்தது. வீட்டிலேயே மேக்பெத் பார்க்க வேண்டுமா? நம்பிக்கையான நண்பர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சேர வேண்டிய இடத்துக்குத் தகவல் சொன்னால் போதும். ஐந்து பேர் ஒரே ஒரு சூட்கேஸோடு வந்து இறங்குவார்கள். ஹாலில் மேசை நாற்காலியை ஓரங்கட்டி, கிடைத்த இடத்தில் நடிப்பார்கள். எழுபத்தைந்து நிமிடத்தில் ஸ்காட்லாந்து மன்னன் கொலையாகி, கொன்றவனும் வீழ்ந்துவிடுவான். அப்புறம் சூட்கேஸை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

லேடி மேக்பெத்தாக நடித்தவருக்கு அப்போது 51 வயது. இருபது வருடம் பிராகின் பெரிய அரங்கங்களில் ஒன்றில் முன்னணி நடிகையாக இருந்தவர். எழுபதுகளில் வீட்டில் உட்கார்ந்து மேசை விளக்குகளுக்குக் கவிழ்க்கிற மூடி செய்து பிழைத்தவர். பெயர் விளாஸ்தா ஹ்ரமொஸ்தோவா.

செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி எழுத்தாளர்களை ஒடுக்கிய கதை உலகத்துக்குத் தெரியும். நடிகர்களின் கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் தடை இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி வலித்ததா என்பதுதான் இங்கே கேள்வி. எழுத்தாளருக்கு இழுப்பறை உண்டு. அச்சிட விடாவிட்டாலும் எழுதி உள்ளே போட்டு வைக்கலாம், இருபது வருடம் கழித்துக்கூட எடுத்து அச்சிடலாம். ஓவியர் கேன்வாஸைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கலாம். நடிகை என்ன செய்வார்? யாரும் பார்க்காத நடிப்பு என்று ஒன்று கிடையாதே.

ப்ர்னோவிலிருந்து பிராகுக்கு

ஹ்ரமொஸ்தோவா பிறந்தது 1926 நவம்பர் 17 அன்று, ப்ர்னோ நகரில். அந்தத் தேதியை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும். ப்ர்னோவில் நாடகம் படித்தார், மொராவியப் பகுதி அரங்கங்களில் நடித்தார், 1950இல் பிராகில் விநோஹ்ராடி அரங்கில் சேர்ந்தார். அதே ஆண்டு வெளிவந்த 'பொறி' என்ற படத்தில், நாஜி ஆக்கிரமிப்பை எதிர்க்கும் பெண்ணாக முதன்மை வேடம். இயக்கியவர் மார்ட்டின் ஃப்ரிச். 24 வயதுக்குள் சினிமாவில் நாயகி, தலைநகரத்து மேடையில் நிலையான வேலை. ஒரு நடிகைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாய்ப்பது அபூர்வம்.

தொடக்கம் நன்றாக இருந்தது, காலம் நன்றாக இல்லை. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்திருந்தார்கள். ஐம்பதுகளின் முதல் பாதி முழுக்க வழக்குகளும் தூக்குகளும் ஒப்புதல் வாக்குமூலங்களும்தான். அந்த வருடங்களில் இவர் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை இங்கே சொல்லிவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதன் நிழலிலேயே படிப்பீர்கள். அதனால் தள்ளி வைக்கிறேன், மறைக்கப் போவதில்லை.

1963இல் ஒரு கார் விபத்தில் மகனைப் பறிகொடுத்தார். இதைப் பற்றி வேறெதுவும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குளியலறைக் காட்சி

தமிழ் வாசகர்களில் இவரைத் திரையில் பார்த்தவர்கள் இருந்தால், அநேகமாக ஒரே படத்தில்தான் பார்த்திருப்பார்கள்: யுராய் ஹெர்ஸ் இயக்கிய 'பிணம் எரிப்பவர்'. லடிஸ்லாவ் ஃபுக்ஸின் நாவல் 1967இல் வந்தது, படம் 1969இல் வெளியானது. முப்பதுகளின் பிராகில் தகன மேடை நடத்தும் கொப்ஃபர்கிங்கிலாக ருடோல்ஃப் ஹ்ருஷின்ஸ்கி நடித்தார். குரலில் வெண்ணெய் வழியும் மனிதன். மனைவியின் சொந்தப் பெயர் மரியே, ஆனால் இவனுக்கு அவள் 'லாக்மே'. ஒரு ஆபராவிலிருந்து எடுத்துத் தானே சூட்டிய பெயர். அந்த லாக்மேதான் ஹ்ரமொஸ்தோவா.

படம் முழுக்க அவர் அதிகம் பேசுவதில்லை. கணவன் பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். இவர் கேட்கிறார். அந்தக் கேட்பதுதான் நடிப்பு. நாஜிகள் நெருங்க நெருங்க, மனைவியின் உடம்பில் யூத ரத்தம் ஓடுகிறது என்று நண்பன் ஒருவன் கணவனின் காதில் ஓதுகிறான். கடைசியில் வீட்டுக் குளியலறையிலேயே, நல்ல உடை உடுத்தி நிற்கும் மனைவியை, கொஞ்சும் குரல் மாறாமல் அவன் தூக்கிலிடுகிறான். அலறலும் கிடையாது, போராட்டமும் கிடையாது. இவ்வளவு காலமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய பெண் இதையும் கேட்டுக்கொள்கிறாள். நான் முதல்முறை பார்த்தபோது ஹ்ருஷின்ஸ்கியின் முகத்தைத்தான் கவனித்தேன், எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இரண்டாவது முறை பார்த்தபோதுதான் அந்தக் காட்சியைத் தாங்கி நிற்பவர் இவர் என்று புரிந்தது.

ஒளிப்பதிவு ஸ்டனிஸ்லாவ் மிலோதா. மீன்கண் லென்ஸில் முகங்களை உருட்டிக் காட்டிய கேமரா அவருடையது. ஹ்ரமொஸ்தோவாவுக்குக் கடைசிவரை வாழ்க்கைத் துணையும் அவர்தான். இந்தக் கதையில் அவர் இரண்டாவது முக்கிய ஆள்.

படத்தை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டில், 1968 ஆகஸ்ட் 21 அன்று, சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் டாங்கிகளோடு நாட்டுக்குள் நுழைந்தன. வெளியான நான்கு ஆண்டுகளில், 1973இல், படத்தைப் பெட்டிக்குள் பூட்டினார்கள். 1989க்குப் பிறகுதான் வெளியே எடுத்தார்கள்.

படத்தின் கணவனும் மனைவியும் அதன் பிறகு போன பாதைகள் வேறு வேறு. ஹ்ருஷின்ஸ்கி, சீர்திருத்தம் கோரிய 1968இன் 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். அதைத் திரும்பப் பெற மறுத்ததால் எழுபதுகளின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் கேமரா முன் நிற்க முடியவில்லை. ஆனால் தேசிய அரங்கின் மேடை அவருக்கு இருந்தது. பிறகு படங்களும் திரும்பி வந்தன. ஹ்ரமொஸ்தோவாவுக்கு இரண்டும் போயின. தடை என்பது ஒரே சுவர் இல்லை, ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைத்த சட்டை. அதனால்தான் தடைக்கு ஆளானவர்கள் ஒன்று சேர்வது அவ்வளவு கடினமாக இருந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் இழக்க இன்னும் கொஞ்சம் மீதி வைத்திருந்தார்கள்.

கதவுகள் மூடிய வரிசை

1969 ஜனவரி 16 அன்று யான் பலாஹ் என்ற மாணவர் ஆக்கிரமிப்பை எதிர்த்து பிராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மூன்று நாளில் இறந்தார். 25ஆம் தேதி நடந்த இறுதி ஊர்வலத்தை மிலோதா படம் பிடித்தார். படச்சுருளில் ஏறியது நகரமே ஒன்றுசேர்ந்து காத்த மௌனம். கொஞ்ச காலத்தில் பாரந்தோவ் சினிமா ஸ்டூடியோவில் அவருக்கு வேலை இல்லாமல் போனது.

மனைவிக்கு நடந்தது இன்னும் படிப்படியானது. விநோஹ்ராடி அரங்கின் இயக்குநராக இருந்த நாடகாசிரியர் ஃப்ரான்டிஷெக் பவ்லிச்செக் பதவியிழந்தார். ஹ்ரமொஸ்தோவா 1970இல் அங்கிருந்து வெளியேறி, ஒட்டோமார் க்ரெய்ச்சா நடத்திய 'வாயிலுக்கு அப்பால்' அரங்கில் சேர்ந்தார். ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கிய குழு அது. 1972இல் அரசு அந்த அரங்கத்தையே மூடிவிட்டது. அடுத்து மேற்கு ஜெர்மனி எல்லையை ஒட்டியிருக்கும் சின்ன ஊரான ஹெப். தலைநகரத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம். அங்கேயும் 1973 வரைதான். அதற்குமேல் தள்ள நாட்டில் இடமில்லை, அதனால் நிறுத்திவிட்டார்கள்.

வயது 46. இந்த எண்ணிக்கை முக்கியம். நடிகைக்கு நாற்பத்தைந்திலிருந்து அறுபது வரை என்பது ஜூலியட் போய், பாட்டி வேடம் வருவதற்கு முன்னால் இருக்கிற இடம். ராணிகளும் தாய்களும் துரோகிகளும் அந்த வயதில்தான் கிடைக்கும். எழுத்தாளரின் 46ஆவது வயதை இழுப்பறையில் வைக்கலாம். நடிகையின் 46ஆவது வயது 47 ஆகிவிடும், அவ்வளவுதான்.

அந்த நாட்டில் தனியார் நாடகக் குழு என்று ஒன்று இருக்கவில்லை. மேடை, ஒத்திகை அறை, சம்பளம் எல்லாம் அரசுடையவை. வேலை இல்லாமல் இருப்பதே 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்ற பெயரில் தண்டனைக்குரிய குற்றம். வேலையும் தர மாட்டோம், சும்மா இருந்தாலும் பிடிப்போம் என்ற ஏற்பாடு. தத்துவப் பேராசிரியர்கள் கொதிகலன் அறையில் கரி தள்ளியதும், நடிகை விளக்கு மூடி செய்ததும் இதனால்தான்.

ஹாலில் நடந்தது

எழுத்தாளர்கள் இழுப்பறையோடு நிற்கவில்லை. லுட்விக் வட்சூலிக் 'பெட்லிட்சே' என்ற பெயரில், அதாவது 'தாழ்ப்பாள்', தட்டச்சுப் பிரதிகளாகவே ஒரு பதிப்பகம் நடத்தினார். கார்பன் தாள் வைத்து ஒரு டஜன் பிரதி, அது கைமாறிக் கைமாறிப் போகும்.

நாடகத்தில் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தவர்கள் 1975 நவம்பர் 1 அன்று சூடுபட்டார்கள். பிராகின் விளிம்பில், ஹோர்னி பொச்செர்னிட்சே என்ற இடத்தில் ஒரு உணவு விடுதியின் கூடத்தில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் 'பிச்சைக்காரர் ஆபரா' ஒரே ஒரு முறை நடந்தது. இயக்கியவர் அந்த்ரேய் க்ரோப். நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, வந்தவர்கள் முந்நூறு பேர் இருக்கும். விஷயம் வெளியே தெரிந்ததும் விசாரணைகள், வேலை இழப்புகள். வாடகைக் கூடத்துக்கு யாரோ அனுமதி தர வேண்டும். அனுமதி தந்தவரையும் பிடிக்கலாம், வந்தவரையும் பிடிக்கலாம். சொந்த வீட்டு ஹாலுக்கு யார் அனுமதி தர வேண்டும்? ஹ்ரமொஸ்தோவாவும் மிலோதாவும் அடுத்த ஆண்டு எடுத்த முடிவை இந்தப் பின்னணியில்தான் பார்க்க முடிகிறது.

1976இல் தங்கள் வீட்டிலேயே தொடங்கினார்கள். முதல் நிகழ்ச்சி கவிஞர் யாரோஸ்லாவ் சைஃபெர்ட்டின் நினைவுக் குறிப்புகளிலிருந்து எடுத்த பகுதிகள், 'உலகின் அழகெல்லாம்'. அப்போது நாட்டில் அச்சாகாத புத்தகம். எட்டு ஆண்டு கழித்து, 1984இல், சைஃபெர்ட்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கவிஞரின் அச்சாகாத பக்கங்களை, மேடை இழந்த நடிகை ஒருவர், விருந்தாளிகளாக வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறார். இதில் என்ன குற்றம் என்று கேட்டால் சட்டப் புத்தகத்தில் பதில் தேட வேண்டியிருக்கும். தேடினார்கள்.

1977 ஜனவரியில் 'சாசனம் 77' வெளியானது. அரசு தானே கையெழுத்திட்ட மனித உரிமை ஒப்பந்தங்களை மதிக்கட்டும் என்று கேட்ட அறிக்கை. அதில் கையெழுத்திட்ட முதல் சில நூறு பேரில் ஹ்ரமொஸ்தோவாவும் ஒருவர். பதிலுக்கு அரசு ஜனவரி 28 அன்று கலைஞர்களைத் தேசிய அரங்கில் கூட்டி, சாசனத்துக்கு எதிரான பிரகடனத்தை வாசிக்க வைத்தது. வாசித்தவர் நடிகை யிர்ஷினா ஷ்வொர்ட்சோவா. அவரும் விநோஹ்ராடி அரங்கக்காரர்தான். ஒரே மேடையில் வளர்ந்த இருவர், ஒருவர் தேசிய அரங்கின் ஒலிபெருக்கி முன், இன்னொருவர் வீட்டு ஹாலில்.

அந்த 1977இல்தான் பிரிட்டிஷ் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் சில நாட்கள் பிராகுக்கு வந்தார். அவரே செக் நாட்டின் ஸ்லீன் நகரில் பிறந்தவர். நாடகாசிரியர் பவெல் கொஹௌட்டையும், நடிகர் பவெல் லண்டோவ்ஸ்கியையும் சந்தித்தார். லண்டோவ்ஸ்கி ஒரு மாலை, தான் நடித்துப் பேர் வாங்கிய அரங்கம் ஒன்றின் மேடைக்குப் பின்னால் அவரை அழைத்துப் போனார். உள்ளே நாடகம் நடந்துகொண்டிருக்கிறது. மேடைக்கு நாலு அடி இந்தப் பக்கம், அந்த மேடையில் நிற்க அனுமதி இல்லாத நடிகர். அப்போது லண்டோவ்ஸ்கியிடம் கண்ட ஆற்றாமையை வார்த்தையில் சொல்வது கடினம் என்று ஸ்டாப்பர்ட் பிறகு எழுதினார்.

மறு ஆண்டு கொஹௌட்டிடமிருந்து ஸ்டாப்பர்ட்டுக்குக் கடிதம் வந்தது. எட்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டோம், வீட்டு நாடகம் தொடங்குகிறது, தொடக்கமே மேக்பெத்தான் என்று எழுதியிருந்தார். மேக்பெத் லண்டோவ்ஸ்கி, லேடி மேக்பெத் ஹ்ரமொஸ்தோவா. மால்கமின் பகுதிகளைப் பாடியதும் இசை அமைத்ததும் தடை செய்யப்பட்ட இளம் பாடகர் விளஸ்திமில் த்ரெஷ்ன்யாக். சின்ன வேடங்களுக்கும் மேடைக் குறிப்புகளை வாசிக்கவும் கொஹௌட்டின் மகள் தெரேசா, நாடகப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவர். மிச்சம் இருந்த அத்தனை வேடமும் கொஹௌட். ஐந்து பேருக்குள் ஸ்காட்லாந்தையே அடக்கிவிட்டார்கள். ஆகஸ்டில் இன்னொரு செய்தி: பிராக் வீடுகளில் மேக்பெத் நடந்துகொண்டிருக்கிறது.

ஏன் மேக்பெத்? தணிக்கைக்குப் பயந்து தேர்ந்தெடுத்ததாக இருக்க முடியாது, அனுமதியே கேட்காதவருக்குத் தணிக்கை எதற்கு? ஐந்து பேரால் சமாளிக்கக்கூடிய நாடகம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம், ஷேக்ஸ்பியரின் துன்பியல்களில் சின்னது அது. ஆனால் நாலாம் அங்கத்தில் ராஸ் வந்து நாட்டின் நிலையைச் சொல்கிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: தன்னைத் தானே அறிந்துகொள்ளவே அஞ்சுகிற நாடு என்கிறான். 1978இல், திரைச்சீலை இழுத்து மூடிய அறையில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அந்த வரி காதில் விழுந்தால் யாருக்கும் உரை தேவைப்பட்டிருக்காது.

இரண்டாம் அங்கத்தில் இன்னொரு இடம். மன்னன் டங்கனைக் கொன்றாகிவிட்டது, கணவன் மனைவி இருவர் கையிலும் ரத்தம். அப்போது கதவு தட்டும் சத்தம். மறுபடி தட்டுகிறது. மறுபடி. பெரிய அரங்கத்தில் இது ஒலியமைப்பாளர் செய்கிற வேலை, பார்வையாளருக்கு அது கோட்டைக் கதவு. வீட்டு ஹாலில் கதவு தட்டினால் அது இந்த வீட்டுக் கதவு. அந்தச் சத்தம் நாடகத்தில் உள்ளதா, வாசலில் நிற்கிறதா என்று அரை நொடி யாருக்கும் தெரியாது. நடிப்பவருக்கும் சேர்த்துத்தான். நானூறு வருடமாக எத்தனையோ இயக்குநர்கள் அந்தக் காட்சியில் வரவழைக்கப் பாடுபட்ட பயம், இங்கே முகவரியிலேயே இருந்தது. ஸ்டாப்பர்ட் 1979இல் எழுதிய 'கஹூட்டின் மேக்பெத்' சரியாக இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு வீட்டில் மேக்பெத் நடக்கிறது, கதவு தட்டப்படுகிறது, உள்ளே வருவது போலீஸ் இன்ஸ்பெக்டர். கஹூட் என்பது கொஹௌட் இல்லை என்று ஸ்டாப்பர்ட் முன்னுரையில் எழுதினார், ஆனால் ஓசையைக் கேட்டவர்களுக்குப் புரிந்தது.

நடிப்புத் தொழிலின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும், அரசியல் வீரக்கதையாக மட்டும் சொன்னால் அவருக்கு நியாயம் செய்ததாகாது. பெரிய அரங்கத்தில் பழகிய குரல் கடைசி வரிசைக்குப் போகிற குரல். அதே குரலை இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும், கேட்கக் கூடாது. கையைக் கழுவிக் கழுவி ரத்தக்கறை போகாமல் தவிக்கிற தூக்கநடைக் காட்சியை, உங்கள் விரல் நகம் வரை தெரிகிற ஒருவருக்கு முன்னால் செய்ய வேண்டும். ஒளியமைப்பு இல்லை, திரை இல்லை, ஒப்பனைக்குப் பின்னால் ஒளிய வழியில்லை. லாக்மேயாக கேமராவுக்கு முன் கற்ற சிக்கனம் இங்கே அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இது ஊகமாகவே நின்றுவிடவில்லை, காரணம் மிலோதா. அந்த மேக்பெத்தை அவர் படம் பிடித்தார். பதிவு எல்லை தாண்டி வியன்னாவுக்குப் போய் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பலாஹின் ஊர்வலத்தைப் பிடித்ததற்காக ஸ்டூடியோவை இழந்தவர், மனைவியின் நடிப்பை ஹாலில் பிடித்தார். நடிகைக்கு இழுப்பறை கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். இவருக்கு ஒன்று கிடைத்தது, செய்து கொடுத்தவர் வீட்டுக்காரர்.

அடுத்த நாடகம் 1979இல். விநோஹ்ராடியிலிருந்து நீக்கப்பட்ட அதே பவ்லிச்செக் எழுதியது: 'போஹீமியாவில் அடக்கம் செய்வது பற்றிய அறிக்கை'. நாயகி எழுத்தாளர் பொஷெனா ந்யெம்ட்சோவா. செக் குழந்தைகள் எல்லோரும் படிக்கிற 'பாட்டி' நாவலை 1855இல் எழுதியவர், ஹாப்ஸ்பர்க் போலீஸ் கண்காணிப்பிலும் வறுமையிலும் வாழ்ந்து 1862இல் இறந்தவர். உயிரோடு இருந்தபோது சோற்றுக்கு விடாதவர்கள் சவப்பெட்டிக்குப் பின்னால் பெருங்கூட்டமாக நடந்தார்கள். தலைப்பு அதைத்தான் சொல்கிறது.

ஐந்து பேரும் பிறகு

மேக்பெத் குழு நிலைக்கவில்லை. கொஹௌட் 1978 இலையுதிர் காலத்தில் ஓராண்டு அனுமதியோடு வியன்னா போனார். திரும்பி வந்தபோது எல்லையில் உள்ளே விடவில்லை, குடியுரிமையும் பறிபோனது. லண்டோவ்ஸ்கியும் வியன்னாவில் புர்க் அரங்கில் நடிகரானார். த்ரெஷ்ன்யாக் ரகசியப் போலீஸின் சித்திரவதைக்கு ஆளாகி 1982இல் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார். எதிர்ப்பாளர்களைத் துன்புறுத்தி நாட்டைவிட்டே ஓட வைக்க அந்தப் போலீஸ் ஒரு திட்டமே வைத்திருந்தது, அதற்கு 'துப்புரவு' என்று பெயர். தெரேசா நாட்டிலேயே இருந்து, பின்னாளில் தெரேசா பௌச்கோவா என்ற பெயரில் எழுத்தாளராக அறியப்பட்டார். ஹ்ரமொஸ்தோவாவும் போகவில்லை. மேக்பெத் இல்லாத லேடி மேக்பெத்.

தள்ளி வைத்த விஷயம்

ஐம்பதுகளில் ஹ்ரமொஸ்தோவா எஸ்டெபெ என்று அழைக்கப்பட்ட ரகசியப் போலீஸோடு ஒத்துழைக்கக் கையெழுத்திட்டிருந்தார். இதே போலீஸ்தான் எழுபதுகளில் அவர் வாசலில் வந்து நின்றது.

யாரோ ஆவணக் காப்பகத்திலிருந்து கண்டுபிடித்து அவர்மேல் வீசியதாக நினைத்துவிட வேண்டாம். 1999இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதினார். தொண்ணூறுகளின் செக் நாட்டை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். ரகசியப் போலீஸோடு ஒத்துழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த காலம். பட்டியலில் இருந்தவர்கள் நீதிமன்றம் போனார்கள், மறுத்தார்கள், கோப்பு போலி என்றார்கள், சிலர் விஷயத்தில் அது உண்மையும்கூட. சாசனத்தில் கையெழுத்திட்ட, எல்லோரும் வணங்கிய ஒரு நடிகை தானாக முன்வந்து இன்னொரு கையெழுத்தையும் சொல்கிறார்.

இதைக் கொண்டு அவருடைய பிந்தைய வாழ்க்கையைக் 'கழுவாய்' என்று பேசுவது சுலபம். லேடி மேக்பெத்தின் கைகழுவும் காட்சியோடு முடிச்சுப் போடுவது அதைவிடச் சுலபம், எழுதும்போது எனக்கே கை துறுதுறுத்தது. ஆனால் அது கட்டுரை எழுதுபவருக்கு வசதியான முடிச்சு. ஐம்பதுகளில் ஒரு இளம் நடிகை பயந்ததும், 1977இல் ஐம்பது வயதுப் பெண் பயப்படாததும் ஒரே கணக்கில் வரவு செலவு எழுதக்கூடியவை அல்ல. பயம் என்னவென்று உள்ளேயிருந்து தெரிந்தவர்தான் பிறகு அந்த ஹாலின் கதவைத் திறந்து விருந்தாளிகளை உட்கார வைத்தார் என்பது மட்டும் உறுதி. முதல் கையெழுத்தை மன்னிப்பதா என்பது, அதனால் பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் சொல்ல வேண்டிய பதில். ரசிகர்கள் சொல்லக் கூடாது.

நவம்பர் 17

1989 நவம்பர் 17 அன்று அவருக்கு 63 வயது நிறைந்தது. அன்று மாலை பிராகின் தேசிய வீதியில் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. மறுநாளே பிராக் அரங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. திரை விலகியதும் நாடகத்துக்குப் பதில் நடிகர்கள் அறிக்கை வாசித்தார்கள், பார்வையாளர்களோடு விவாதித்தார்கள். 19ஆம் தேதி, ஆட்சியை எதிர்த்தவர்களின் கூட்டமைப்பான 'குடிமக்கள் மன்றம்' உருவானது சினோஹெர்னி கிளப் என்ற நாடக அரங்கத்தில், லண்டோவ்ஸ்கியின் பழைய வீடு அது. வீட்டு ஹாலை அரங்கமாக்கிய காலம் போய், அரங்கத்தைப் பாராளுமன்றமாக்கிய வாரம் வந்தது. ஆண்டு முடிவதற்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்து, நாடகாசிரியர் ஹாவெல் குடியரசுத் தலைவர்.

ஹ்ரமொஸ்தோவா மேடைக்குத் திரும்பினார். சேர்ந்தது தேசிய அரங்கில், சாசனத்துக்கு எதிராகப் பிரகடனம் வாசித்த அதே கட்டடத்தில். 1998இல் விளாடிமிர் மிஹாலெக்கின் 'சேகலைக் கொல்ல வேண்டும்' படத்தில் நடித்தார். ஹாவெல் வாழ்நாளில் இயக்கிய ஒரே படமான 'வெளியேறுதல்' 2011இல் வந்தபோது அதில் வீட்டுப் பெரியவளாக வந்தார்.

பதினாறு பதினேழு வருட இடைவெளி என்னவெல்லாம் கொண்டுபோயிற்று என்று பட்டியல் போட முடியாது, நடிக்காத வேடங்களுக்குப் பட்டியல் ஏது? மேடையை விட்டு இறக்கியபோது நாற்பதுகளில் இருந்தவர், ஏறியபோது பாட்டி வேடத்துக்கு வந்துவிட்டார். அந்த வேடத்தையும் செய்தார். 2000களில் தேசிய அரங்கம் 'பாட்டி' நாவலை மேடையேற்றியபோது, யான் அன்டோனின் பிட்டின்ஸ்கியின் இயக்கத்தில் அந்தப் பாட்டியாக வந்தவர் ஹ்ரமொஸ்தோவா. முப்பது வருடத்துக்கு முன் வீட்டு ஹாலில் அந்த நாவலை எழுதிய பெண்ணாக நடித்தவர், இப்போது அவள் எழுதிய பாத்திரமாக, ஊரின் மிகப் பெரிய மேடையில், டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு முன்னால்.

மிலோதா எடுத்த மேக்பெத் பதிவு இன்றும் இருக்கிறது. மிலோதா 2019 பிப்ரவரியில் இறந்தார். ஹ்ரமொஸ்தோவா அதே ஆண்டு அக்டோபர் 6 அன்று, 92 வயதில்.